லண்டனில் மேட்ச் நாள்: திரும்பும் வழியை முதலில் பாருங்கள்

தொண்ணூறு நிமிடக் கால்பந்து ஆட்டத்துக்கு லண்டனில் ஆறு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். மைதானத்துக்குப் போய்ச் சேர்வதில் பெரிய சிக்கல் வராது. மதியத்திலிருந்தே ஆட்கள் சிறுகச் சிறுக வந்து கூடுவார்கள். திரும்பும்போது கதை வேறு. விசில் ஊதிய பத்தாவது நிமிடம் அறுபதாயிரம் பேர் ஒரே ஸ்டேஷன் வாசலில் நிற்பார்கள். அதனால் டிக்கெட் கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டியது வீட்டுக்கு வரும் வழியை. போகும் வழி தானாக அமைந்துவிடும்.

ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, ஹாரோ, டூட்டிங், குரோய்டன் என்று தமிழர் நிறைந்த பகுதிகளில் குடியிருந்து மேட்ச் பார்க்கக் கிளம்புகிறவர்களையும், அவர்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளையும் மனதில் வைத்து எழுதியது இது.

பெயரை நம்பி ரயில் ஏறாதீர்கள்

புதிதாக வந்தவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் ஸ்டேஷன் பெயர்கள். கிளப்பின் பெயர் ஓரிடத்தில் இருக்கும், மைதானம் வேறிடத்தில் இருக்கும்.

வெஸ்ட் ஹாம் ஸ்டேஷனில் இறங்கினால் வெஸ்ட் ஹாம் ஆடும் மைதானம் இருக்காது. 2016 வரை அவர்கள் ஆடியது அப்டன் பார்க்கில், கிரீன் ஸ்ட்ரீட்டை ஒட்டிய பொலின் கிரவுண்டில். அது இடிக்கப்பட்டு இப்போது அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. இன்று அவர்கள் ஆடும் லண்டன் ஸ்டேடியத்துக்கு ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்க வேண்டும். டிஎல்ஆர் என்ற இலகு ரயிலில் புட்டிங் மில் லேன், ஓவர்கிரவுண்டு ரயிலின் மில்ட்மே பாதையில் ஹாக்னி விக் ஆகியவையும் பக்கம்தான்.

வூல்விச் ஆர்சனல் என்று ஒரு ஸ்டேஷன் தேம்ஸுக்குத் தெற்கே இருக்கிறது. ஆர்சனல் 1886இல் பிறந்தது அந்தப் பக்கம்தான். ஆனால் 1913லேயே வடக்கு லண்டனுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இன்று அவர்கள் ஆடும் எமிரேட்ஸ் மைதானத்துக்குப் போகிறவர் இறங்க வேண்டியது பிக்கடிலி பாதையில் உள்ள வெறும் 'ஆர்சனல்'. கில்லஸ்பி ரோடு என்றிருந்த அந்த ஸ்டேஷனுக்கு 1932இல் கிளப்பின் பெயரையே வைத்தார்கள்.

செல்சியின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜுக்கு ஃபுல்ஹாம் பிராட்வேயில் இறங்க வேண்டும். ஃபுல்ஹாமின் கிரேவன் காட்டேஜுக்கு இறங்குவதோ புட்னி பிரிட்ஜில். இரண்டு ஸ்டேஷனும் டிஸ்ட்ரிக்ட் பாதையின் விம்பிள்டன் கிளையில் இருப்பதால் குழப்பம் இரட்டிப்பு. போதாததற்கு அதே டிஸ்ட்ரிக்டின் வேறொரு கிளையில் ஸ்டாம்ஃபோர்ட் புரூக் என்று ஒன்று இருக்கிறது. அங்கே இறங்கியவர் முதல் கோலைக் கைப்பேசியில்தான் பார்ப்பார்.

கிரிஸ்டல் பேலஸ் ஆடும் செல்ஹர்ஸ்ட் பார்க்குக்கு கிரிஸ்டல் பேலஸ் ஸ்டேஷன் வேண்டாம். செல்ஹர்ஸ்ட், தோர்ன்டன் ஹீத், நார்வுட் ஜங்ஷன் மூன்றில் ஒன்று. குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்குக் குயின்ஸ் பார்க் ஸ்டேஷன் வேண்டாம், ஒயிட் சிட்டி அல்லது வுட் லேன். மில்வால் கிளப் மில்வாலை விட்டு 1910இலேயே போய்விட்டது, இறங்குமிடம் சவுத் பெர்மண்ட்சி. பிரென்ட்ஃபோர்டுக்கு வாசலருகில் இருப்பது கியூ பிரிட்ஜ். டாட்டன்ஹாமுக்கு ஒயிட் ஹார்ட் லேன், அதுவும் ட்யூப் என்ற சுரங்க ரயிலில் வராது, ஓவர்கிரவுண்டின் வீவர் பாதை.

ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால் லிஃப்ட் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வெம்பிளி பார்க், ஸ்ட்ராட்ஃபோர்ட், ஃபின்ஸ்பரி பார்க், டாட்டன்ஹாம் ஹேல், ஃபுல்ஹாம் பிராட்வே ஆகியவற்றில் உண்டு. ஆர்சனல் ஸ்டேஷனில் லிஃப்டும் இல்லை, எஸ்கலேட்டரும் இல்லை. நடுவில் கம்பித் தடுப்பு போட்ட நீண்ட சரிவுப் பாதையில் ஏறித்தான் வெளியே வர வேண்டும். முட்டுவலிக்காரர்களை அங்கே கூட்டிப் போகாதீர்கள்.

தேதி மாறும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்

இங்கிலாந்தின் முதல் நிலை லீகான பிரீமியர் லீகின் அட்டவணை ஜூன் நடுவில் வரும். அதில் பெரும்பாலான ஆட்டங்கள் சனிக்கிழமை மாலை 3 மணி என்றிருக்கும். அது வெறும் தொடக்கம். பிறகு தொலைக்காட்சி நிறுவனங்கள் ஆட்டங்களைப் பொறுக்கி எடுக்கும்போது, அதே ஆட்டம் சனி 12.30, சனி 5.30, ஞாயிறு 2 மணி, ஞாயிறு 4.30, திங்கள் இரவு 8 என்று எங்காவது நகரும். அட்டவணையைப் பார்த்ததும் லீவு போடுவது, ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது, பாரிஸிலோ சூரிச்சிலோ இருக்கும் மச்சானுக்கு விமான டிக்கெட் எடுப்பது எல்லாம் காசைக் கரைக்கும் வேலை. நேரம் உறுதியானதாக கிளப் தளத்தில் வந்தபின் செய்யுங்கள். அதற்கு முன் எடுத்தே ஆக வேண்டும் என்றால் வெள்ளி போய்த் திங்கள் திரும்புவதாக எடுங்கள்.

வெளியூர் ரயிலுக்கும் இதே கணக்குதான். மான்செஸ்டருக்கோ லிவர்பூலுக்கோ போக 'அட்வான்ஸ்' டிக்கெட் மலிவு, ஆனால் குறித்த ரயிலில் மட்டும் செல்லும், பணம் திரும்பாது. ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனால் மாற்றும் கட்டணத்தோடு விலை வித்தியாசத்தையும் கட்ட வேண்டும். திரும்பும் பயணத்துக்காவது நெரிசல் இல்லாத நேரத்துக்கான ஆஃப் பீக் டிக்கெட் எடுத்தால் கூடுதல் நேரம், பெனால்டி என்று ஆட்டம் இழுத்தாலும் அடுத்த ரயிலில் வரலாம்.

டிசம்பர் 25 அன்று லண்டனில் ட்யூபும் பஸ்ஸும் ஓடாது. 26ஆம் தேதி ட்யூப் ஓடினாலும் நாட்டின் பெரும்பாலான ரயில்கள் ஓடாது. பாக்சிங் டே ஆட்டத்துக்கு டிக்கெட் எடுப்பவர்கள் இதை மறந்துவிட்டு, காரும் இல்லாமல், பார்க்கிங்கும் கிடைக்காமல் திண்டாடுவது ஆண்டுதோறும் நடக்கிறது. மற்ற வாரங்களில் வியாழக்கிழமை மாலை லண்டன் போக்குவரத்து நிறுவனமான டிஎஃப்எல்லின் தளத்தில் வார இறுதிப் பராமரிப்புப் பணிகளைப் பாருங்கள். உங்கள் பாதை மூடியிருக்கலாம்.

டிக்கெட்

பெரிய கிளப்புகளில் பொது விற்பனை என்பது பெயரளவில்தான். முதலில் கட்டணம் கட்டி உறுப்பினராக வேண்டும். உறுப்பினரானதால் டிக்கெட் நிச்சயம் என்று பொருளில்லை, வாங்க முயலும் உரிமை மட்டும் கிடைக்கும். ஆர்சனலில் 'ரெட்' என்ற வகை உறுப்பினர்களுக்குக் குலுக்கல் முறை. குலுக்கலில் விழாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் வர முடியாத ஆட்டத்துக்குத் தங்கள் இருக்கையைக் கிளப்பின் மறுவிற்பனைப் பக்கத்தில் போடுவார்கள். ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒற்றை இருக்கை அகப்படும். நான்கு பேர் சேர்ந்து உட்கார இடம் கிடைப்பது அரிது. குடும்பமாகப் போக நினைப்பவர்கள் கோப்பைப் போட்டிகளின் தொடக்கச் சுற்றுகளைக் குறி வையுங்கள். விலையும் குறைவாக இருக்கும், இடமும் கிடைக்கும்.

வாட்ஸ்அப் குழுவிலும் முகநூலிலும் 'ஸ்பேர் டிக்கெட் இருக்கு' என்று வருபவற்றை விட்டுத்தள்ளுங்கள். இங்கிலாந்தில் அனுமதி இல்லாமல் கால்பந்து டிக்கெட் விற்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அடக்க விலைக்கு விற்றாலும் குற்றம்தான். வாங்கியவருக்குக் கிடைப்பது, பலமுறை விற்கப்பட்ட ஒரே பார்கோடு. வங்கி வழியாக அனுப்பிய பணம் போனதுதான். நண்பருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் கிளப் செயலியிலேயே 'டிரான்ஸ்ஃபர்' வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

டிக்கெட் இப்போது கைப்பேசியில்தான் வருகிறது. வீட்டு வைஃபையில் இருக்கும்போதே கைப்பேசியின் வாலட் செயலியில் சேர்த்துவிடுங்கள். மைதானத்தைச் சுற்றி ஐம்பதாயிரம் பேரின் கைப்பேசி ஒரே நேரத்தில் சிக்னல் தேடும்போது செயலி திறக்கவே திறக்காது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போதும் என்ற நினைப்பும் தவறு, கருவியில் கைப்பேசியைக் காட்டித் திறக்கும் வகை டிக்கெட்டுக்கு அது செல்லாது. பேட்டரி முழுதாக இருக்கட்டும். திரும்பும் ரயிலுக்கும் அதே பேட்டரிதான்.

எதிரணி ரசிகராகப் போவது தனிக் கலை. பிரீமியர் லீகில் அவே டிக்கெட்டின் உச்ச விலை 2016இலிருந்து 30 பவுண்டாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு மைதானத்தில் அதிகபட்சம் 3,000 பேருக்குத்தான் இடம், சிறிய மைதானத்தில் இன்னும் குறைவு. அதனால் முன்பு போன பயணங்களின் புள்ளிகளைக் கணக்கிட்டுக் கொடுப்பார்கள், புதியவருக்கு எளிதில் எட்டாது. சரி, மைதானத்துக்குச் சொந்தமான அணியின் ரசிகர்கள் அமரும் ஹோம் பகுதியில் வாங்கி உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தால், எதிரணிச் சட்டை போட்டிருந்தாலோ கோலுக்குக் குதித்தாலோ ஊழியர் வந்து வெளியே அனுப்பிவிடுவார். காசு திரும்பாது. வீட்டில் ஒருவர் ஆர்சனல், ஒருவர் செல்சி என்றால் இருவரில் ஒருவர் அன்று வாயைக் கட்டத்தான் வேண்டும்.

அட்டை தட்டுவது

ஜெர்மனியில் பல கிளப்புகளின் மேட்ச் டிக்கெட்டே அன்றைய உள்ளூர் ரயிலுக்கும் செல்லும். அங்கிருந்து வரும் உறவினர்கள் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து கேட்டில் நிற்பார்கள். லண்டனில் அந்த வழக்கம் இல்லை, தனியாகக் காசு கட்ட வேண்டும்.

வங்கி அட்டையோ கைப்பேசியோ தட்டிப் போவது எளிது. ஒரே நிபந்தனை: காலையில் எதைத் தட்டினீர்களோ இரவும் அதையே தட்டுங்கள். கைப்பேசியில் இருப்பது அதே வங்கி அட்டை என்றாலும் டிஎஃப்எல் கணக்கில் அது வேறு அட்டை. உள்ளே அட்டையால் தட்டி, பேட்டரி போகும் பயத்தில் வெளியே கைப்பேசியால் தட்டினால் இரண்டு முடியாத பயணங்களாகப் பதிவாகி இரண்டுக்கும் உச்சக் கட்டணம் பிடிப்பார்கள். ஒரு நாளுக்கான உச்சவரம்பும் கணக்கில் சேராது. அந்த நாள் அதிகாலை 4.30 முதல் மறுநாள் 4.30 வரை, ஆகவே இரவு ஆட்டம் முடிந்து நள்ளிரவு தாண்டி வந்தாலும் அதே நாள்தான். ஒருவர் அட்டையில் இருவர் போக முடியாது.

வார நாள் இரவு ஆட்டத்துக்கு மாலை 4 முதல் 7 மணிக்குள் ரயில் ஏறினால் பீக் கட்டணம். அந்த நேரத்தைத் தவிர்க்க வழியில்லை என்றால் நகர நடுவான முதல் கட்டண மண்டலத்தையாவது தவிர்க்கலாம். ஈஸ்ட் ஹாமிலிருந்து எமிரேட்ஸுக்குப் போகிறவரை வரைபடம் நகர நடுவுக்குள் இழுக்கும். போக வேண்டாம். டிஸ்ட்ரிக்டில் அப்டன் பார்க், பிளாய்ஸ்டோ தாண்டி வெஸ்ட் ஹாமில் இறங்கி, ஜூபிலியில் ஒரு ஸ்டேஷன் ஏறி ஸ்ட்ராட்ஃபோர்ட், அங்கிருந்து மில்ட்மே பாதையில் நேராக ஹைபரி இஸ்லிங்டன். இறங்கிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்தால் மைதானம். மாறும் இடத்தில் இளஞ்சிவப்பு நிறக் கருவி ஒன்று கம்பத்தில் இருக்கும். அதிலும் தட்டுங்கள். அதில் காசு கூடுதலாகப் போகாது. நீங்கள் நகர நடுவைச் சுற்றிக்கொண்டு வந்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

பதினொரு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் காசு கட்டும் பெரியவர் ஒருவருடன் நான்கு பேர் வரை ட்யூபில் இலவசம். அகலமான கேட்டில் சேர்ந்து போங்கள். ரயில்கார்ட் என்ற சலுகை அட்டை வைத்திருக்கும் மாணவர்கள் அதை லண்டன் பயண அட்டையான ஆய்ஸ்டரில் ஸ்டேஷன் ஊழியரிடம் சொல்லிச் சேர்த்துக்கொண்டால் ஆஃப் பீக்கில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வங்கி அட்டையில் இந்தச் சலுகை ஏறாது.

பையும் சாப்பாடும்

பொதுவான அளவு ஏ4 தாள். அதைவிடப் பெரிய பையோடு போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள். ஆபீஸிலிருந்து லேப்டாப் பையோடு நேராக வரும் இரவு ஆட்டங்களில்தான் இது அதிகம் நடக்கும். பையை ஆபீஸிலேயே விட்டுவிடுங்கள், இல்லையென்றால் வழியில் பெரிய ரயில் நிலையத்தின் பொருள் காப்பகத்தில் கொடுங்கள். மைதானத்துக்குப் பக்கத்தில் இடம் தேடிக்கொள்ளலாம் என்று வராதீர்கள். நீளக் குடை, கண்ணாடி பாட்டில், உலோக ஃப்ளாஸ்க் எதுவும் உள்ளே போகாது. அந்தக் கணக்கில் எவர்சில்வர் டிபன் பாக்ஸும் போகாது, அம்மா எவ்வளவு பாசமாகக் கட்டிக் கொடுத்திருந்தாலும் சரி. சப்பாத்தி ரோல், பொடி தடவிய இட்லி, கட்லெட் போன்று கையால் எடுத்துச் சாப்பிடக்கூடியதைத் தாளில் சுற்றி எடுத்துப்போகலாம். சாம்பாரும் தயிர்சாதமும் வேண்டாம். தண்ணீர் என்றால் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், மூடியைக் கழற்றி வாங்கிக்கொள்ளும் மைதானமும் உண்டு. கிளப்புக்குக் கிளப் விதி கொஞ்சம் மாறும், முந்தின இரவு ஒருமுறை அவர்கள் தளத்தைப் பாருங்கள்.

உள்ளே எல்லாம் அட்டைதான், ரொக்கம் செல்லாது. சைவத்துக்கு சீஸ் வெங்காய பை, சிப்ஸ் அளவில்தான் எதிர்பார்க்கலாம். இடைவேளை பதினைந்து நிமிடம். நாற்பதாவது நிமிடம் எழுந்தால் கழிவறையும் டீயும் இரண்டுமே முடியும். நாற்பத்தைந்தில் எழுந்தால் ஒன்றுதான்.

குளிரைப் பற்றி ஒரே விஷயம். ஜாக்கெட் எல்லோரும் போட்டுக்கொள்வார்கள், குளிர் ஏறுவது காலடிக் காங்கிரீட்டிலிருந்து. தடித்த அடியுள்ள காலணி, கம்பளிக் காலுறை. ஜாக்கெட் இரண்டாம்பட்சம்.

சட்டம்

மைதானத்துக்குள் நடைவழிக் கடையில் பியர் விற்பார்கள், ஆடுகளம் கண்ணில் படும் இடத்துக்கு அதைக் கொண்டுவரக் கூடாது. 1985ஆம் ஆண்டுச் சட்டம். ட்யூபிலும் பஸ்ஸிலும் திறந்த மது பாட்டிலோடு போவது 2008 ஜூன் முதல் தடை. ஆடுகளத்துக்குள் ஓடுவது 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், செல்ஃபிக்காக என்றாலும் குற்றம்தான். நீதிமன்றம் கால்பந்துத் தடையுத்தரவு போட்டால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 10 ஆண்டு. வெளிநாட்டில் இங்கிலாந்து ஆட்டங்கள் நடக்கும் நாட்களில் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டியும் வரும். விசாவில் இருப்பவர்களும் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கக் காத்திருப்பவர்களும் இதை இரண்டு முறை படியுங்கள். அந்தப் படிவங்களில் தண்டனை விவரம் கேட்பார்கள்.

திரும்பும் வழி: ஒரு ஸ்டேஷன் பின்னால் நடங்கள்

நகர நடுவுக்குப் போகும் ரயில் மைதான ஸ்டேஷனுக்கு வருவதற்கு முன் எந்த ஸ்டேஷனைத் தாண்டி வருகிறது என்று பாருங்கள். அங்கே நடந்து போய் ஏறுங்கள். மேட்ச் கூட்டம் ஏறுமுன் நீங்கள் இருக்கையில் இருப்பீர்கள்.

எமிரேட்ஸில் எல்லோரும் ஆர்சனல் ஸ்டேஷனுக்கு வரிசை கட்டுவார்கள். பிக்கடிலி பாதையில் அதற்கு முந்தைய ஸ்டேஷன் ஃபின்ஸ்பரி பார்க். பதினைந்து நிமிட நடை. அங்கே விக்டோரியா பாதையும் தெற்கே போகும் பெரிய ரயில்களும் இருப்பதால் கூட்டம் பிரிந்துவிடும். அங்கும் வரிசை உண்டு, ஆனால் வேகமாக நகரும். ஹாலோவே ரோடு ஸ்டேஷன் வரைபடத்தில் பக்கமாகத் தெரியும், மேட்ச் நாளில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு, அதை நம்பிப் போகாதீர்கள்.

செல்சியில் ஃபுல்ஹாம் பிராட்வேயை விட்டுவிட்டு, பார்சன்ஸ் கிரீனுக்குக் கால் மணி நேரம் நடங்கள். கிரேவன் காட்டேஜிலிருந்து வருகிறவர்கள் புட்னி பிரிட்ஜ் நெரிந்தால் ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஈஸ்ட் புட்னியில் ஏறலாம். டாட்டன்ஹாமில் ஒயிட் ஹார்ட் லேன் வரிசை தெருவைச் சுற்றி நீளும். விக்டோரியா பாதைக்கு அரை மணி நேரம் நடக்கத் தயாரென்றால் செவன் சிஸ்டர்ஸைவிட டாட்டன்ஹாம் ஹேல் நல்லது. நகருக்குள் வரும் ரயில் ஹேலைத் தொட்டுவிட்டுத்தான் செவன் சிஸ்டர்ஸுக்கு வரும்.

ஸ்ட்ராட்ஃபோர்டில் இந்த உபாயம் பலிக்காது. ஜூபிலி அங்கேதான் புறப்படுகிறது, ரயில் காலியாகத்தான் வரும். ரயிலில் இடம் இருக்கும், தடை ஸ்டேஷனுக்கு வெளியே. ஊழியர் கையில் 'நில்', 'போ' என்று எழுதிய பலகை இருக்கும், கூட்டத்தைத் தொகுதி தொகுதியாக விடுவார்கள். ஈஸ்ட் ஹாம் போகிறவர்கள் அவசரப்படாமல் பக்கத்து வெஸ்ட்ஃபீல்ட் கடைத்தொகுதியில் அரை மணி நேரம் கழித்துவிட்டு வந்து, ஜூபிலியில் ஒரு ஸ்டேஷன், டிஸ்ட்ரிக்டில் மூன்று ஸ்டேஷன் என்று போனால் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் இரவுச் சாப்பாட்டுக்கு நேரம் இருக்கும்.

வெம்பிளிக்குத் தமிழர்களிடம் தனி வழி இருக்கிறது. 90,000 பேர் கொள்ளும் மைதானத்திலிருந்து பெருங்கூட்டம் ஒலிம்பிக் வே வழியாக வெம்பிளி பார்க் படிகளை நோக்கிப் போகும். குதிரைப் போலீஸ் குறுக்கே நின்று நிறுத்தி நிறுத்தி விடும். நீங்கள் எதிர்ப்பக்கம் திரும்பி வெம்பிளி சென்ட்ரலுக்கு நடங்கள், இருபது நிமிடம். அங்கே ஈலிங் ரோடு தொடங்குகிறது. தோசைக்கு உட்காருங்கள். சாப்பிட்டு முடிக்கும் வேளையில் வெம்பிளி சென்ட்ரலின் பேக்கர்லூ கூட்டமும் கரைந்திருக்கும். தெருவோடு இன்னும் கால் மணி நேரம் இறங்கி நடந்தால் ஈழபதீஸ்வரர் கோயில் பக்கம் தாண்டி ஆல்பர்டன், அங்கே பிக்கடிலி. வரிசையில் நிற்கும் நேரமும் தோசை சாப்பிடும் நேரமும் ஏறத்தாழ ஒன்றுதான். எது மேல் என்று சொல்ல வேண்டியதில்லை. போகும்போது மட்டும் வெம்பிளி பார்க்கே வசதி: பேக்கர் ஸ்ட்ரீட்டிலிருந்து மெட்ரோபாலிடனில் ஏறினால் இடையில் ஃபின்ச்லி ரோடு ஒன்றுதான்.

டாக்ஸி கூப்பிடுவது வீண். மைதானத்தைச் சுற்றித் தெருக்களை அடைத்திருப்பார்கள், ஓட்டுநர் வர முடியாது, கட்டணமும் அந்த ஒரு மணி நேரம் ஏறிக் கிடக்கும். வெள்ளி, சனி இரவுகளில் விக்டோரியா, ஜூபிலி, சென்ட்ரல், பிக்கடிலி, நார்தர்ன் பாதைகளில் இரவு முழுக்க ட்யூப் ஓடுகிறது, பாதையின் எல்லாப் பகுதியிலும் என்று நினைக்காமல் உங்கள் ஸ்டேஷன் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செவ்வாய், புதன் இரவு ஆட்டத்துக்கு அந்தச் சலுகை இல்லை. கூடுதல் நேரத்துக்குப் போகக்கூடிய கோப்பை ஆட்டமென்றால் கடைசி ரயில் நேரத்தைக் கையில் எழுதிக்கொண்டே போங்கள்.

மைதானத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தால்

கால்பந்து பிடிக்காதவர்களும் படிக்க வேண்டிய பகுதி இது. வெம்பிளி ஸ்டேடியத்தைச் சுற்றிய தெருக்களில் நிகழ்ச்சி நாட்களில் பார்க்கிங் விதி வேறு. காலையில் தொடங்கி நள்ளிரவு வரை, அனுமதிச் சீட்டு இல்லாத வண்டிக்கு அபராதம். பிள்ளையின் பிறந்தநாளுக்கு வந்த சித்தப்பா, கோயிலுக்கு வந்தவர், ஈலிங் ரோட்டில் சேலை எடுக்க வந்தவர் என்று எல்லோரும் மாட்டுவார்கள். வலயத்துக்குள் நுழையும் இடங்களில் அடுத்த நிகழ்ச்சியின் தேதி பலகையில் இருக்கும். வீட்டில் விசேஷம் வைப்பவர்கள் நாள் நட்சத்திரத்தோடு ஸ்டேடியத்தின் நிகழ்ச்சிப் பட்டியலையும் பாருங்கள், விருந்தாளிகளுக்கான அனுமதியை முன்கூட்டியே அந்தப் பகுதி உள்ளாட்சியான பிரென்ட் கவுன்சிலில் வாங்குங்கள். அபராதம் வந்துவிட்டால் 14 நாளுக்குள் கட்டினால் பாதி. எமிரேட்ஸ், டாட்டன்ஹாம் பக்கத்துத் தெருக்களிலும் இதே நிலைதான்.

வீட்டிலிருந்து பார்ப்பது

சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்கள் டிவியில் நேரலையாகப் பார்க்கும் சனிக்கிழமை 3 மணி ஆட்டத்தை, அந்த மைதானத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவர் பார்க்க முடியாது. பிரிட்டனில் சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை கால்பந்து நேரலைக்குத் தடை. சிறிய மைதானங்களின் கூட்டம் டிவியால் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. எந்தச் சந்தா கட்டினாலும் அந்த ஆட்டம் வராது. வரும் என்று சொல்லி விற்கப்படும் பெட்டிகள் சட்டவிரோதமானவை. அன்றிரவு பிபிசியில் மேட்ச் ஆஃப் த டே சுருக்கம் வரும்.

ஸ்கை, டிஎன்டி போன்ற சேனல்களில் நேரலை பார்க்க அவற்றின் சந்தாவோடு, கட்டணம் கட்டிப் பெறும் டிவி லைசென்ஸும் வேண்டும். லேப்டாப்பில் பார்த்தாலும் வேண்டும். பிபிசி பார்ப்பதில்லை என்பது காரணமாகாது.

ஊரில் இருக்கும் தம்பியோடு சேர்ந்து பேசிக்கொண்டே பார்ப்பவர்கள் கடிகாரத்தைக் கவனியுங்கள். இங்கே மாலை 3 மணி என்பது கோடையில் அங்கே இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. அக்டோபர், மார்ச் இரண்டின் கடைசி ஞாயிறு இது மாறும். அந்த வாரம் ஒருவராவது ஒரு மணி நேரம் முன்பின்னாக ஃபோன் எடுப்பார்.

டிக்கெட்டே கிடைக்காவிட்டால்

பெரிய கிளப்புகளை விட்டுவிட்டு லண்டனின் சிறிய மைதானங்களைப் பாருங்கள். பிள்ளைகளோடு போக இவைதான் எங்கள் முதல் தேர்வு. லேட்டன் ஓரியண்ட் மைதானத்துக்கு சென்ட்ரல் பாதையில் லேட்டன். டூட்டிங்காரர்களுக்கு ஏஎஃப்சி விம்பிள்டன் கூப்பிடு தூரம்: 2020 நவம்பரில் பிளவ் லேனில் திறந்த மைதானம், டூட்டிங் பிராட்வேயிலிருந்து இருபது இருபத்தைந்து நிமிட நடை, அருகில் ஹேடன்ஸ் ரோடு ஸ்டேஷன். ஆட்டம் முடிந்து திரும்பி நடந்தால் டூட்டிங்கில் கொத்து பரோட்டா. பெண்கள் சூப்பர் லீகில் ஆர்சனல் அணி எமிரேட்ஸிலேயே ஆடும் ஆட்டங்களுக்குப் போனால், ஆண்கள் ஆட்டத்தின் விலையில் சிறு பங்குக்கு அதே மைதானத்தில் குடும்பத்தோடு உட்காரலாம்.

அதற்கும் கீழே நான்லீக், அதாவது பெரிய லீகுகளுக்குக் கீழ்நிலையில் ஆடும் சிறு கிளப்புகள். 2018இல் தமிழீழ அணியும் ஆடிய, ஃபிஃபாவில் இல்லாத அணிகளுக்கான கோனிஃபா உலகக் கால்பந்துக் கோப்பை லண்டனில் நடந்தபோது பயன்பட்டவை இந்த அளவு மைதானங்கள்தான். வாசலிலேயே டிக்கெட் கிடைக்கும். இங்கே ஒரு நல்ல பழக்கம்: எதிரணி ரசிகர்களைப் பிரித்து வைப்பது அரிது என்பதால், பெரும்பாலும் இடைவேளையில் எல்லோரும் மைதானத்தைச் சுற்றி நடந்து, தங்கள் அணி அடுத்து கோல் போடப்போகும் வலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். டீயை வாங்கிக்கொண்டு நீங்களும் கூடவே நடங்கள்.